கேட்காமல் வந்து சேரும் நூலகங்கள்

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்று, ஜாவா வலைச்செயலி ஒன்றில் முதற்பணி ஏற்கும் இளம் நிரலாளருக்கு,

வலைச்செயலியில் நிரலாளர் தம் கையால் எழுதும் பகுதி சிறியது. தரவுத்தள இணைப்பு, பாதுகாப்பு, நிகழ்வுப் பதிவு முதலியவற்றைப் பிறர் எழுதிய நூலகங்களே செய்கின்றன. ஜார் கோப்புகளாகக் கிடைக்கும் இந்நூலகங்களுள் செயலி எதையெல்லாம் நம்பி இயங்குகிறதோ, அவை அதன் சார்புகள் எனப்படும்.

ஜார் கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி லிப் கோப்புறையில் சேர்க்கும் பழைய வழக்கத்தில், ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் அங்கே தங்கிவிட, தொகுக்கும்போது தலைகாட்டாத பிழை செயலி இயங்கும்போது வெளிப்படுவதுண்டு. மேவன் என்னும் கருவியோ, சார்புகளைப் பட்டியலிடும் பாம் கோப்பில் நூலகத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் எழுதினாலே அதைக் கொண்டுவந்து, அது சார்ந்திருக்கும் பிற நூலகங்களையும் உடன் சேர்த்துவிடுகிறது. இவ்வாறு கேட்காமல் வந்து சேர்பவை வழிச்சார்புகள். வசதியும் ஆபத்தும் இவற்றில்தான் உள்ளன.

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் பதிவு நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டை இந்த ஆபத்துக்குச் சான்று. பதிவாகும் வாசகத்தில் ஒருவர் நுழைத்த குறியீடு, வெளிக்கணினியிலிருந்து நிரலை வரவழைத்து இயக்கிவிடக்கூடியதாக இருந்தது. 2.15.0 முதல் 2.17.1 வரை நான்கு திருத்தப் பதிப்புகள் அந்த ஒரே மாதத்தில் வெளிவந்தன. எனினும் அந்நூலகம் வழிச்சார்பாக நுழைந்திருந்த நிறுவனங்கள் பல, அது தம்மிடம் உள்ளதா என்று தேடுவதிலேயே காலம் இழந்தன.

பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பேரேட்டில் ஏறாத கணக்கைக் கணக்காகக் கொள்ளாதது போல, இளம் நிரலாளரும் தம் செயலியின் சார்புகள் அனைத்தையும் எழுத்தில் அறிந்திருத்தல் வேண்டும். மேவனின் சார்பு மரக் கட்டளை, எந்த நூலகம் எதன் வழியே வந்தது என்பதைக் கிளை கிளையாகக் காட்டும். ஒரு நூலகத்தின் இரு பதிப்புகள் மோதினால் மேவன் புதியதைத் தேடாமல் மரத்தின் வேருக்கு அருகில் உள்ளதையே எடுக்கும் என்பதால், முதன்மையான பதிப்புகளைச் சார்பு மேலாண்மைப் பகுதியில் தாமே குறித்துவிடுவது நன்று. சர்வ்லெட் நூலகத்தை, செயலியை இயக்கும் டாம்கேட் வழங்கியே தருவதால், அதைச் செயலியோடு கட்டி அனுப்பலாகாது.

செயலியிடம் தம் விவரங்களை ஒப்படைக்கும் மக்கள் இந்நூலகங்களின் பெயரைக்கூட அறியார். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நிரலாளரே ஆதலின், ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் சார்பு மரத்தைப் படித்து, பயன்படாததை நீக்கி, பழையதைச் சோதனையோடு புதுப்பிப்பாராக.