16 பிக்சலுக்குள் ஒரு தொழில்

ஜிம் கார்பெட்டின் குமாவூன் புலிக்கதைகளை வங்காள மொழியில் வெளியிட்ட கொல்கத்தா சிக்னெட் பிரஸ்ஸுக்கு அட்டை வரைந்தவர் சத்யஜித் ராய். அட்டை முழுக்கப் புலித்தோலின் வரிகள். முன்னட்டையில் தோட்டா நுழைந்த துளை, பின்னட்டையில் அது வெளியேறிய துளை. புலியையும் வேட்டைக்காரரையும் முழுசாக வரைய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. டெஸ்க்டாப் ஃபைல் மேனேஜருக்கு ஐகான் வரைய வரும் இளைஞர்களை நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த அட்டையைத்தான். எதை விட்டுவிடலாம் என்ற முடிவுதான் இந்த வேலையில் பாதி.

'ஐகான் டிசைனர் தேவை' என்று விளம்பரம் வருவது அரிது. கொல்கத்தாவின் சால்ட் லேக் செக்டர் ஃபைவிலோ நியூ டவுனிலோ யுஐ டிசைனராகச் சேர்வீர்கள். ஐகான் அதில் ஒரு பங்காக வந்து சேரும். ஆனாலும் போர்ட்ஃபோலியோவைப் புரட்டுபவருக்கு உங்கள் கைச்சுத்தம் சட்டென்று தெரிவது அந்தப் பக்கத்தில்தான்.

எங்கே தொடங்குவது? 16 பிக்சலில். பலர் 256 பிக்சலில் நிழல், பளபளப்பு எல்லாம் சேர்த்து அழகாக வரைந்துவிட்டு அதை அப்படியே சுருக்குகிறார்கள். மிஞ்சுவது சாம்பல் கறைதான். வெக்டர் படம் என்பதால் எல்லா அளவிலும் தானாகத் தெளிவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு பிக்சல் கோடு இரண்டு கட்டங்களின் நடுவே விழுந்தால் திரை அதை இரண்டு மங்கல் கோடுகளாகக் காட்டும். இங்க்ஸ்கேப் மென்பொருளில் கட்டக்கோடுகளைப் போட்டு, ஒவ்வொரு விளிம்பையும் கட்டத்தில் பொருத்துங்கள். 16, 32, 48, 256 என்று முக்கிய அளவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி வரையுங்கள். சிறியதில் விவரத்தைக் குறையுங்கள். 1984-ல் வந்த மெக்கின்டாஷுக்காக சூசன் கேர் கட்டம் போட்ட தாளில், 32-க்கு 32 சதுரங்களுக்குள் கறுப்பு வெள்ளையில் மட்டுமே ஐகான்களை வரைந்தார். இன்றும் அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

அடுத்தது உருவரை. எல்லாக் கோப்பையும் மூலை மடிந்த தாளாக வரைந்து, மேலே மூன்றெழுத்துப் பட்டை ஒட்டுவது எளிது. பட்டியல் காட்சியில் அந்த எழுத்தை யாராலும் படிக்க முடியாது; கோப்பின் பெயரிலேயே அது இருக்கவும் செய்கிறது. ஆவணத்துக்குத் தாள் சரி. சுருக்கிய கோப்புக்குப் பெட்டி, பாடலுக்கு இசைக்குறி என்று வெளிவடிவமே மாறட்டும். பிடிஎஃப் சிவப்பு, கணக்குத்தாள் பச்சை என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது, அதை உடைக்காதீர்கள். ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு. ஆகவே நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை பாருங்கள். அப்போதும் இரண்டும் வேறு வேறாகத் தெரிய வேண்டும்.

உழைப்பை எங்கே செலவிடுவது என்பதிலும் கணக்கு வேண்டும். புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் ஃபைல் மேனேஜர் பெரும்பாலும் சிறுபடத்தையே காட்டிவிடும். நிரல் கோப்பு, எழுத்துருக் கோப்பு, தரவுத்தளம், ஜிப் போன்றவற்றுக்குத்தான் உங்கள் ஐகான் தினமும் வேலை செய்யும். அங்கே நேரம் கொடுங்கள்.

லினக்ஸ் பக்கம் போனால் பெயரிடும் முறை தெரிந்திருக்க வேண்டும். கோப்பின் வகையைக் கணினி ஒரு மைம் பெயராக அறிகிறது. அந்தப் பெயரில் உள்ள சாய்கோட்டை இணைப்புக்கோடாக மாற்றினால் ஐகானின் பெயர் கிடைக்கும்: 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்பது 'அப்ளிகேஷன்-பிடிஎஃப்' ஆகும். அப்படி ஒரு படம் கிடைக்காவிட்டால் பொது வகைப் படம் வந்து நிற்கும். அதனால் பொதுப் படங்களை முதலில் முடியுங்கள்; தொகுப்பில் ஓட்டை இருந்தாலும் பயனர் வெற்றிடத்தைப் பார்க்க மாட்டார்.

பழக இடம் தேடினால் 2005-ல் தொடங்கிய டாங்கோ திட்டத்தின் ஐகான்கள் பொதுவுடைமையாக்கப்பட்டவை. பிரித்து, திருத்தி, மீண்டும் வரைந்து பார்க்கலாம். லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇயின் பிரீஸ் ஐகான் தொகுப்பு இப்போதும் வளர்கிறது. விடுபட்ட ஒரு கோப்பு வகைக்கு ஐகான் வரைந்து அனுப்புங்கள். அனுபவசாலிகள் ஒவ்வொரு பிக்சலாகக் குறை சொல்வார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் அது பெரிய பள்ளி.

பட்டம் வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். ராய் சாந்திநிகேதன் கலாபவனத்தில் ஓவியப் படிப்பை முடிக்காமலேயே 1943-ல் டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் 80 ரூபாய் சம்பளத்துக்கு ஜூனியர் விஷுவலைசராகச் சேர்ந்தார். ஆனால் இன்றைய போட்டியில் முறையான படிப்பு கதவைத் திறக்கும் என்றே நினைக்கிறேன். கொல்கத்தாவில் 1854-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஐஐடிகளில் வடிவமைப்பு படிக்க இளநிலைக்கு யூசீட், முதுநிலைக்கு சீட் தேர்வு எழுத வேண்டும். 2010-ல் தேர்வான ரூபாய்க் குறியை வரைந்த தமிழர் உதயகுமார் ஐஐடி மும்பையின் வடிவமைப்புத் துறையில் படித்தவர்தான்.

போர்ட்ஃபோலியோவில் நூறு ஐகான் வேண்டாம். ஒரே குடும்பமாகத் தெரியும் ஒரு டஜன் போதும். வெள்ளைப் பின்னணியில் தனித்தனியே காட்டாமல், கலவையான கோப்புகள் நிறைந்த ஒரு ஃபோல்டரின் ஸ்கிரீன்ஷாட்டாகக் காட்டுங்கள். வெளிர் தீமில் ஒன்று, கருந்தீமில் ஒன்று. கைவிட்ட வரைவுகளில் இரண்டைச் சேர்த்து, ஏன் விட்டீர்கள் என்று ஓரிரு வரி எழுதுங்கள். நேர்காணலில் பெரும்பாலான கேள்விகள் அந்த வரிகளிலிருந்துதான் வரும்.