டைல்ஸ் விரியாமல் துளை போட

டவல் ராடு மாட்டப் போய் டைல்ஸ் விரிந்துபோன வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி ஒன்றுதான்: டிரில் மிஷினின் ஹேமர் மோடு. செங்கல்லையும் கான்கிரீட்டையும் இடித்துத் துளைக்கலாம். டைல்ஸுக்கு அந்த இடிதான் எமன். மிஷினைக் கையில் எடுத்ததுமே சுத்தியல் குறியில் இருக்கும் திருகை டிரில் குறிக்கு மாற்றிவிடுங்கள்.

சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸுக்கு வைர பிட் வாங்க வேண்டியதில்லை, ஈட்டி முனை கார்பைடு பிட்டே போதும். விட்ரிஃபைடு டைல்ஸும் கிரானைட்டும்தான் வைரம் கேட்கும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. கார்பைடு முனை அதில் சீக்கிரம் மழுங்கிவிடும்.

குழாய் வடிவில் இருக்கும் வைர பிட்டின் விளிம்பில் வைரத்தூள் பதித்திருப்பார்கள். அந்தத் தூள் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொண்டு போகும். அரைப்பில் எழும் சூடுதான் பிட்டுக்கு முதல் எதிரி. விலை குறைந்த பிட்டுகளில் தூள் ஒரே அடுக்குதான். அது உதிர்ந்தால் பிட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால் தண்ணீர் கட்டாயம். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் ஒருவர் விட்டுக்கொண்டே இருக்கட்டும். கல்தூளும் பறக்காது, அது நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் இல்லாமலே ஓடும் பிட்டுகளும் கிடைக்கின்றன. அவற்றுக்கு மாஸ்க் அவசியம்.

நடுவில் கூர்முனை இல்லாததால் வழவழப்பான டைல்ஸில் பிட் வழுக்கும். சுமார் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, பிறை போல ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். வேகம் குறைவாக இருக்கட்டும், 35 மி.மீ. குழாய்த் துளை போன்ற பெரிய பிட்டுக்கு இன்னும் குறையுங்கள். அழுத்தாதீர்கள். அவ்வப்போது பிட்டை லேசாகத் தூக்கினால் சேறு வெளியேறும். வழிந்து வரும் சேற்றையும் கவனியுங்கள்: டைல்ஸின் நிறம் போய் சிமென்ட் சாம்பல் நிறம் வந்தால் டைல்ஸைத் தாண்டிவிட்டீர்கள். அங்கே வைர பிட்டை எடுத்துவிட்டு, துளையைவிடச் சற்றுச் சிறிய கான்கிரீட் பிட்டைப் போடுங்கள். பின்சுவருக்கு ஹேமர் வைக்கலாம், பிட் டைல்ஸ் விளிம்பில் படக்கூடாது.

பலர் கோட்டை விடுவது பிளக் அடிக்கும்போது. பிளக்கின் வாய் டைல்ஸுக்குள்ளேயே நின்றால், ஸ்க்ரூ முறுக்கும்போது அது விரிந்து டைல்ஸைப் பிளக்கும். முழுவதும் சுவருக்குள் இறங்கும்படி தட்டி உள்ளே தள்ளுங்கள். கிச்சன் கிரானைட் மேடையில் கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் அடிப்பக்கம் சிதறும். கீழே ஒரு பிளைவுட் துண்டை அழுத்தி முட்டுக்கொடுங்கள்.

தண்ணீரும் கரண்டும் சேரும் வேலை இது. பேட்டரி டிரில் இருந்தால் அதையே எடுங்கள். ஒயர் மிஷின்தான் என்றால், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் மட்டும் சொருகுங்கள், ஈரக்கையோடு பிளக்கைத் தொடவே தொடாதீர்கள்.