நம் சங்க அலமாரிக்கு ஒரு சொற்பட்டியல்

நம் சங்க அறையின் மூலையில் ஒரு மர அலமாரி நிற்கிறது. நமக்கு முன் இங்கே பயின்ற தமிழ் மாணவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து இதழ்கள், விழா மலர்கள், வீட்டு வைத்தியக் குறிப்பேடுகள் ஆகியன அதில் உள்ளன. சென்ற ஆண்டு அவற்றைக் கணினியில் பட்டியலிடும் பணி என்னிடம் வந்தது. தாவரவியல் மாணவனாகிய நான் அதை எளிய வேலை என்றே எண்ணினேன்.

ஒருநாள் கோவையைச் சேர்ந்த முதலாண்டு மாணவி ஒருவர், "அண்ணா, சுக்குட்டிக்கீரையைப் பற்றி நம்மிடம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டார். தேடிப் பார்த்து, "இல்லையம்மா" என்றேன். அவரும் தம் கட்டுரையில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னொரு நாள் நான் பட்டியலிட்டுக் கொண்டிருந்த குறிப்பேட்டை எட்டிப் பார்த்தவர், "இதைத்தானே அண்ணா, நாங்கள் சுக்குட்டி என்போம்!" என்றார். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக்கீரை என்று ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தது. அதே குறிப்பேட்டின் பெயரை முன்பே பட்டியலில் ஏற்றியவன் நான். இருந்ததை இல்லையென்று சொன்னவனும் நானே.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், 1931-இல் நூலக இயலுக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகர் தமக்குரிய நூலை அடைய வேண்டும், நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பன அவற்றுள் இரண்டு. அன்று நான் இரண்டையும் மீறினேன்.

பிழையைத் திருத்தும் வழி யாது? கட்டுப்படுத்திய சொற்பட்டியலே. ஒரு பொருளுக்கு ஒரு தலைச்சொல்லைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏனைய பெயர்களை நீக்கலாகாது. சுக்குட்டி, மிளகுதக்காளி ஆகிய இரண்டும் மணத்தக்காளியைச் சுட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பின் பிரித்துக்காட்ட வேண்டும்: முல்லை (கொடி), முல்லை (திணை). மணத்தக்காளிக்கு மேல் 'கீரைகள்' என்னும் விரிந்த தலைப்பும், பக்கத்தில் 'வாய்ப்புண்' என்னும் தொடர்புத் தலைப்பும் அமையும்.

வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் பொருள்தலைப்புப் பட்டியல் பல நாடுகளில் வழங்குகிறதே, அது போதாதா எனலாம். அது ஆங்கிலப் பட்டியல். பொருந்துமிடத்தில் அதனோடு நம் சொல்லை இணைப்போம். நம் ஊர்ப்பெயர்களை நாமே காப்போம். இணைப்பிலும் எச்சரிக்கை வேண்டும். மணத்தக்காளியைச் சிலர் சொலானம் நைக்ரம் என்றும், சிலர் சொலானம் அமெரிக்கானம் என்றும் குறிக்கின்றனர். ஆகவே 'இதுவே அது' என்னாமல், 'நெருங்கியது' என்று குறிப்பதே நேர்மை.

பட்டியலைப் பூட்டிவைத்தால் பயனில்லை, வெளியிட வேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். நாளை தலைச்சொல் மாறினும் எண் மாறலாகாது. கைவிட்ட எண்ணை வேறொன்றுக்குத் தரவும் கூடாது. என்ன மாறியது, என்று மாறியது என்பதையும் பதிய வேண்டும். 2009-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த 'ஸ்கோஸ்' முறையில் எழுதினால், பிற நூலகங்களின் கணினிகளும் நம் பட்டியலைப் படிக்கும்.

நண்பர்களே, முதல் எண்ணை மணத்தக்காளிக்குக் கொடுத்துவிட்டேன். நெல்லையிலும் குமரியிலும் சேலத்திலும் உங்கள் வீட்டில் வழங்கும் பெயர்களை நான் அறியேன். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்து வந்து கேட்பவரிடம் நாம் 'இல்லை' என்று சொல்லலாகாது.