அறுவடைப் பணமும் விதைப்புச் செலவும்

கோவில்பட்டிக் கரிசல் பூமியில் மானாவாரிப் பருத்தியும் உளுந்தும் பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைக்கப்படுகின்றன. விளைபொருள் பணமாவதோ தை, மாசியில். ஆகவே விதையும் உரமும் வாங்கவேண்டிய சமயத்தில் பலர் கையில் ரொக்கம் இராது. அப்போது அவசரத்தில் நகையை அடகு வைப்பதும், கிடைத்த விதையைத் தூவுவதும் உண்டு. இதைப் புத்திக் குறைவென்று பழித்தல் தகாது.

தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆராய்ச்சியொன்று 2013-ம் வருஷம் வெளியாயிற்று. அறுவடைக்கு முன் பணமுடையிலிருந்தபோது புதிர்களுக்கு விடை கூறுவதில் தடுமாறியவர்களே, பணம் கிடைத்தபின் நன்கு விடையளித்தனர். கவலை மனத்தை நிரப்பிவிடுவதால், ஆலோசனைக்கு இடம் குறைந்துபோகிறது.

பணம் வந்தபின் வேறொரு தீமை நேர்கிறது. “உரம் பிறகு வாங்கலாம்” என ஒத்திவைத்தால், அதற்குள் பணம் கரைந்துவிடும். மேற்குக் கென்யாவில், அறுவடையானவுடன் விலையைச் செலுத்துவோருக்கு உரத்தை வீட்டிலேயே இலவசமாகச் சேர்ப்பித்தனர். அதனால் உரமிடுவோர் அதிகரித்தனரென்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

ஆதலால் விவசாயிகள் அனுசரிக்க வேண்டியவை:

1. மகசூல் விற்ற வாரத்திலேயே அடுத்த விதைப்புச் செலவைக் கணக்கிட்டு, அத்தொகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் தனியே வைப்பாக இடுக.

2. விதை உளுந்தை நன்கு உலர்த்திப் பத்திரப்படுத்துக.

3. கடன், அடகு பற்றிய தீர்மானங்களை நெருக்கடி வருமுன் வீட்டாருடன் கலந்து செய்க.

கிராம உத்தியோகஸ்தர்களும் விதை, உரம் பற்றிய கூட்டங்களைப் புரட்டாசி வரை ஒத்திவையாது, மாசியிலேயே கூட்டுதல் நலம்.