கருவிக்குள்ளும் எட்டிப் பாருங்கள்!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பேருந்துகள் கீழ்பென்னாத்தூர் வழியே போகின்றன. ஒவ்வொரு பேருந்துக்கும் தனித்தனி எண் உண்டு. உள்ளே இருக்கும் பயணிகளின் எண்ணிக்கையும் வேறு. எனினும் பயணிகளை ஏற்றுவதும் இறக்குவதும் எல்லாப் பேருந்துகளுக்கும் பொதுவான செயல்கள் அல்லவா?

கணினி நிரலையும் இப்படியே அமைக்கலாம். 'பேருந்து' என்பது இனக்குழு. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் அவ்வினக்குழுவின் ஒரு பொருள். எண்ணும் பயணிகள் தொகையும் அதன் பண்புகள். ஏற்றுதலும் இறக்குதலும் அதன் செயல்கள். இவ்வாறு எழுதுவதே பொருள்நோக்கு நிரலாக்கம். சி++, பைத்தான் ஆகிய மொழிகளில் இதைச் செய்யலாம்.

தச்சுப் பட்டறையில் உளி, வாள், இழைப்புளி யாவும் ஓரிடத்தில் இருக்கும். அதுபோல, நிரலை எழுதவும் இயக்கவும் பிழை காணவும் வேண்டிய கருவிகள் ஒன்றாக அமைந்ததே ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல். தமிழ்நாட்டில் 2018இல் வெளிவந்த 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சி++ மொழிக்கு 'டெவ் சி++' என்ற சூழலை அறிமுகப்படுத்தியது. 2019இல் வந்த 12ஆம் வகுப்புப் பாடநூல் பைத்தானுக்கு 'ஐடில்' என்பதைக் கொண்டது.

நமது பேருந்தில் 8 பேர் ஏறி, 3 பேர் இறங்கினர் என்க. மீதி 5. ஆனால் 'இறக்கு' என்னும் செயலில் கழித்தல் குறிக்குப் பதிலாகக் கூட்டல் குறி இட்டுவிட்டால்? கணினி குறை ஏதும் சொல்லாது. 11 என்று விடை தரும்! அப்போது ஐடிலின் பிழைகாணும் கருவியைக் கொண்டு நிரலை ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டலாம். மாறிகளின் மதிப்பு எந்த வரியில் தவறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

சரி, நமது நிரலுக்குள் பார்க்கக் கருவி இருக்கிறது. அக்கருவிக்குள்ளேயே பிழை இருந்தால் என்ன செய்வது? மூல நிரல் மூடி வைக்கப்பட்டிருந்தால், ஆக்கியவரையே நம்பியிருக்க வேண்டும். மேற்கூறிய இரண்டும் திறந்த மூலச் சூழல்கள். இவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், உரிய உரிம விதிகளின்படி பிறருக்கும் வழங்கலாம்.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. டெவ் சி++ 'டெல்பி' என்ற வேறொரு மொழியில் எழுதப்பட்டது. ஐடிலோ பைத்தானிலேயே எழுதப்பட்டது. ஆகவே பைத்தான் கற்கும் மாணவர், தாம் கற்ற மொழியைக் கொண்டே தம் கருவியின் உள்ளமைப்பையும் படிக்க முடியும்!

செய்து பாருங்கள்: விண்டோஸ் கணினியில் ஐடிலைத் திறந்து, 'பைல்' பட்டியில் 'பாத் பிரவுசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'லிப்' கோப்புறைக்குள் 'ஐடில்லிப்' என்ற தொகுப்பு இருக்கும். அதில் ஒரு சிறிய கோப்பைத் திறந்து, 'கிளாஸ்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதுதான் இனக்குழு. அதன் செயல்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மாற்றிப் பார்க்க விரும்பினால், முதலில் படி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.