பயணம் போகும் பிள்ளை பாடம் கொண்டு வரட்டும்

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து செல்வது தலைமுறைகளாக வரும் வழக்கம். வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, நிறைவாக மலைமேல் ஓரிரவு தங்குவார்கள். உடன் செல்லும் பிள்ளை திரும்பியதும், விட்ட பாடத்தை எழுதச் சொல்கிறோம். வழியில் கற்றதைக் கேட்பதில்லை. கிளம்பும் முன்பே ஒரு நோட்டும் மூன்று வேலைகளும் கொடுத்தனுப்பலாம்.

1. கிலோமீட்டர் கல்: தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஒரு கி.மீ. நடக்க எத்தனை நிமிடம்? 15 நிமிடம் எனில் வேகம் மணிக்கு 4 கி.மீ.

2. நிலவு: பௌர்ணமிக்குப் பின் நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். தங்குமிடத்தில் உதிக்கும் நேரத்தைக் குறிக்கட்டும்.

3. தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் குடும்பத்துக்கு ஒரு நாளில் எத்தனை குடம்? ஒரு குடம் எத்தனை லிட்டர்?

ஊரில் இருக்கும் மாணவர்களும் அதே இரவுகளில் நிலவு உதிக்கும் நேரத்தைக் குறிக்கட்டும். பயணம் போனவர் திரும்பியதும் தம் நோட்டை வைத்து ஒரு பாடவேளை வகுப்பு நடத்தட்டும். இரு குறிப்புகளையும் வகுப்பே ஒப்பிடும். விட்ட பாடத்தை மறுநாள் தொடங்கலாம்.