நகராட்சி நாற்காலியிலிருந்து எழுந்தபின்

நகராட்சிப் பொறியாளர் வேலையை விட்டு ஆலோசனை நிறுவனத்துக்குப் போகிறாய். போய்வா, கண்ணு. மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

1. உன்னைக் கண்டு எழுந்து நின்றவர்கள் நாற்காலிக்குத்தான் எழுந்தார்கள். இனி உதவிப் பொறியாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் நீ காத்திருக்க வேண்டிவரும். உள்ளே இருப்பவன் உன்னிடம் வேலை பழகியவனாகவே இருக்கலாம். அலுவலகத்தில் அவனை ‘சார்’ என்றே கூப்பிடு. இதில் மனம் குன்றினால் இந்தத் தொழில் உனக்கு ஆகாது.

2. உன்னை எடுத்தது உன் அனுபவத்துக்காகவா, உன் கைபேசியிலுள்ள எண்களுக்காகவா என்று சேரும் முன்பே தெரிந்துகொள். “ஆணையரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிறகு டெண்டர் வெளிவருமுன் அதன் நிபந்தனைகளைக் கேட்பார்கள். டெண்டரில் ஒளிவுமறைவு கூடாதென்று தமிழ்நாடு 1998-இல் சட்டமே போட்டிருக்கிறது. ஆனால் சட்டம் வந்து நிற்குமுன் உன் கூச்சம் வந்து நிற்க வேண்டும். நீ கையெழுத்திட்ட கோப்போடு தொடர்புள்ள வேலை வந்தால், எழுத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கு.

3. திட்ட அறிக்கையை ஊரில் நடந்து எழுது. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்றும் கணக்குப் போடுவோம். கணக்கில் பிழையில்லை. ஆனால் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில் சாக்கடைக் குழாயில் ஓட என்ன இருக்கும்? கசடு தங்கும், மேன்ஹோல் பொங்கும், பழி பொறியாளர் தலையில் விழும். வால்வு திறப்பவரோடு ஒரு காலை முழுக்கச் சுற்று. எந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கு நீர் ஏறாது, எந்தக் குழாய் வரைபடத்தில் இல்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒருமுறை என் மேசைக்கு வந்த அறிக்கையில், கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடலாம் என்று ஆற்றின் பெயரோடு எழுதியிருந்தது. எங்கள் ஊரில் ஆறே கிடையாது!

4. செலவை மறைக்காதே. ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. மக்களால் எவ்வளவு கட்ட முடியும் என்று முன்கூட்டியே விசாரித்தார்கள். அன்றைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதி மக்களிடம் போய்ப் பேசினார். மக்களும் கட்டினார்கள். கருத்தரங்குகளில் அதன் நிதி ஏற்பாட்டைத்தான் புகழ்வார்கள். எனக்கென்னவோ, வாசலில் நின்று கேட்கத் துணிந்ததுதான் பெரிதாகப் படுகிறது. பராமரிப்புச் செலவை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிக்கிறவனுக்கு அந்தத் துணிவு வராது.

5. பில் தாமதமாகத்தான் வரும். அந்தப் பக்கம் இருந்தபோது எத்தனை பில்லைக் கிடப்பில் போட்டாய் என்று நினைத்துச் சிரித்துக்கொள்.

6. உன் யோசனையை ஏற்கத் தயங்கும் நகராட்சிப் பொறியாளரைக் கோழை என்று நினைக்காதே. அறிக்கையைக் கொடுத்துவிட்டு நீ அடுத்த ஊருக்குப் போய்விடுவாய். தணிக்கைத் தடை வந்தால் பதில் எழுதப்போவது அவர். அதற்காக ஓய்வுக்காலப் பணம் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வாய்ச்சொல்லோடு விடாமல், ஏன் இந்தக் குழாய், ஏன் இந்த விட்டம் என்று கோப்பில் வைக்கும்படி கணக்கோடு எழுதிக் கொடு. ஒப்பந்தக் காலம் முடிந்தபிறகு அவர் கூப்பிட்டாலும் போனை எடு.